யாருடைய கைக்குப் போகிறது?
வடிவமைப்பும் தொழிலும்: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வன்னியிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதற் கடிதத்துக்கும் கடைசிக் கடிதத்துக்கும் நீண்ட பதில் தேவைப்பட்டதால் மற்றவற்றுக்கு இடம் குறைந்துவிட்டது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, நாங்கள் ஒன்பது பெண்கள் சேர்ந்து இரண்டு வருடங்களாகப் பனங்கிழங்கு ஒடியல் மாவும் சத்துமாவும் செய்து விற்கிறோம். எங்களில் பலர் போரில் கணவரை இழந்தவர்கள். எங்களுக்கு உதவி செய்யும் நிறுவனம் ஒன்றின் அலுவலர், பைக்கற்றின் முன்பக்கத்தில் எங்கள் படத்தையும் நாங்கள் பட்ட துன்பத்தைப் பற்றி நாலு வரியையும் போட்டால் கொழும்பிலும் வெளிநாட்டிலும் நன்றாக விலைப்படும் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை; ஆனால் விற்பனையும் வேண்டும். எங்கள் ஒடியல் மா பைக்கற் ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: சகோதரி, உங்கள் மனம் சொல்வதே சரி. படத்தையும் அந்த நாலு வரியையும் போட வேண்டாம்.

பட்ட துன்பத்தை யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமை உங்களுக்கே உண்டு. பைக்கற்றில் அச்சடித்த மறுநாளே அந்த உரிமை உங்கள் கையை விட்டுப் போய்விடும். அந்தப் படம் கடைத் தட்டில் இருக்கும், குப்பைக் கூடையில் கிடக்கும், பத்து வருடம் கழித்து உங்கள் மகளைப் பெண் பார்க்க வரும் வீட்டாரின் தொலைபேசியிலும் இருக்கும். அலுவலர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் அவருடைய திட்டம் முடிந்து அவர் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போன பின்பும் அந்த முகம் உங்களுடையதாகவே இருக்கப் போகிறது.

வியாபாரக் கண்ணோடு பார்த்தாலும் இது நட்டம். இரக்கப்பட்டு வாங்குபவர் ஒரு தடவை வாங்குவார். காசைக் கொடுத்தவுடனேயே அவருடைய மனக்கடன் தீர்ந்துவிடுகிறது. மா எப்படி இருந்தது என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். சமைக்காமலே அலுமாரியில் வைத்துவிடவும் கூடும். கூழ் வாய்க்கு ருசியாக இருந்ததற்காக வாங்குபவர் அடுத்த மாதமும் தேடி வருவார், பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்வார். அவர்தான் உங்கள் ஒன்பது குடும்பங்களின் அடுப்பை எரிய வைக்கப் போகிறவர். இன்னொன்றும் உண்டு: இரக்கத்தால் வாங்குபவர் குறையைச் சொல்ல மாட்டார். குறையைக் கேள்விப்படாத தொழில் திருந்தவும் மாட்டாது.

நமது நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கன்னியாஸ்திரிகள் நடத்திய நெசவு நிலையத்துப் பெண்களுக்கு வடிவமைத்துக் கொடுக்கத் தொடங்கிய பார்பரா சன்சோனி, 1960களில் அதைப் 'பெயார்புட்' என்ற நிறுவனமாக வளர்த்தார். 2022இல் அவர் காலமானபோது அந்தக் கைத்தறித் துணிகள் உலகின் பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அவற்றை வாங்கியவர்களை இழுத்தது அவற்றின் நிறம். ஊதாவுக்குப் பக்கத்தில் செம்மஞ்சளைத் துணிந்து வைத்த கண்ணுக்குத்தான் அவர்கள் விலை கொடுத்தார்கள். நெய்தவர்கள் எவ்வளவு துன்பப்பட்டவர்கள் என்று விசாரித்து வாங்கவில்லை.

இனி உங்கள் பைக்கற்றுக்கு வருகிறேன். அதை மேசையில் வைத்து, கடையில் முதன்முதலாகக் காணும் ஒருவரைப் போலப் பார்த்தேன். ஒளி ஊடுருவும் பொலித்தீன் பை. மேல்வாய் சூடுகாட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. நடுவில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பெரிய ஸ்டிக்கர். அதில் பனைமரம், கூப்பிய கைகள், சுற்றிவரப் பூங்கொடி. மாவின் நிறம் தெரிய வேண்டிய இடத்தை அந்த ஸ்டிக்கர் முழுதாக மறைத்திருக்கிறது. நகத்தால் திறக்க முடியாமல் பல்லால் கடித்து இழுத்தேன். பை பக்கவாட்டில் கிழிந்து ஒரு பிடி மா மேசையில் கொட்டுண்டது. மிச்சத்தை மூடி வைக்க வழியில்லாததால் போத்தல் ஒன்றில் மாற்றினேன். மாற்றும்போது விரலால் தொட்டுப் பார்த்தேன்: நாரும் மண்ணும் இல்லாமல் அரித்து எடுத்த, மணம் கெடாத, நல்ல மா. இவ்வளவு கவனமாகச் செய்த பொருளை இவ்வளவு கவனக்குறைவான பையில் போட்டிருக்கிறீர்களே என்று எனக்கு உண்மையில் மனவருத்தமாக இருந்தது.

பிறகு கொழும்பில் படிக்கும் என் மருமகளிடம் அந்த மாவைக் காட்டி, இதை வைத்து என்ன செய்வாய் என்று கேட்டேன். “ரொட்டி சுடலாமா, மாமா?” என்றாள். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை வடித்து, கயரும் கைப்பும் போன பின்பே கூழுக்கும் பிட்டுக்கும் எடுக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கும் தெரியாது. ஊறவிடாமல் பிட்டு அவித்து, ஒரு வாய் வைத்துவிட்டுக் கைக்கிறது என்று கொட்டுகிறவர், பிழை மாவில்தான் என்று நினைப்பார். ஆகவே அலுவலர் உங்கள் துன்பத்துக்கு ஒதுக்கிய நாலு வரியை இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு மாவுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எத்தனை தடவை வடிக்க வேண்டும். உங்களில் வயதில் மூத்தவர் செய்யும்போது பக்கத்தில் இருந்து அளந்து எழுதுங்கள். 'கை அளவு' என்று அவர் சொல்வதைக் கோப்பைக் கணக்குக்கு மாற்றுவதுதான் இதில் உள்ள பெரிய வேலை. இடம் மிஞ்சினால், பச்சைக் கிழங்கைப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல் என்று ஒரு வரி சேருங்கள்.

ஸ்டிக்கரைப் பாதியாகச் சுருக்கி மேலே ஒட்டுங்கள். கீழே மா தெரியட்டும். மடித்து மூடக்கூடிய பை சற்று விலை கூடும், ஆனால் அது மாதக்கணக்கில் ஒருவரின் குசினியில் இருக்கப் போகும் பை. முன்பக்கத்தில் பொருளின் பெயர், ஊரின் பெயர், கிழங்கு கிண்டிய மாதம் ஆகிய மூன்றும் போதும். 'ஒட்டுசுட்டான், தைக் கிழங்கு' என்று எழுதினால் தெரிந்தவருக்கு அதுவே பெரிய உத்தரவாதம். பின்பக்கத்தில் உள்ளடக்கம், நிகர நிறை, தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, உற்பத்தியாளர் முகவரி ஆகியவை விடுபடக் கூடாது. அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மாதிரியைக் காட்டிக் கேளுங்கள். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தினூடாகப் பதிவு செய்யலாம். அது வேறு, பொருளை அடையாளம் காட்டும் வியாபாரக் குறி வேறு: பின்னையதைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிய வேண்டும், ஒரு பதிவு 10 வருடங்களுக்குச் செல்லும், பின்பு புதுப்பிக்கலாம். விற்பனை பிடித்த பின் பார்ப்போம் என்று விட்டால், உங்கள் பெயரை வேறொருவர் தனதாக்கிக்கொள்ள இடம் கொடுத்ததாகிவிடும்.

அலுவலரிடம் மறுத்துப் பேசத் தயக்கமாக இருந்தால், இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள்.

கேள்வி: நான் பதாகை அச்சிடும் கடையொன்றில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும், கடையில் உள்ள எல்லாச் சாமான்களின் படத்தையும் போடு, எழுத்தைப் பெரிதாக்கு, இடம் வெறுமையாகக் கிடக்கிறது என்கிறார்கள். காசு கொடுப்பவர் அவர். நான் எப்படி மறுப்பது?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: தம்பி, மறுக்க வேண்டாம். அவரை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள்.

கரடிப்போக்குச் சந்திக்குப் பக்கத்தில் ஏ9 வீதியோரத்தில் நின்று, எதிர்ப்பக்கத்துப் பலகைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் பேருந்து ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கிறது. பலகை 50 மீற்றர் தூரத்தில் கண்ணுக்குப் பிடிபடுகிறது என்று வைத்துக்கொண்டால், யன்னலோரத்தில் இருப்பவருக்கு அதை வாசிக்கக் கிடைப்பது மூன்று செக்கன். அதற்குள் ஐந்தாறு சொல்லை வாசிக்கலாம். கடையின் பெயர், அங்கே என்ன கிடைக்கும், எந்த இடம் என்பவற்றோடு கணக்கு முடிந்துவிடுகிறது. பன்னிரண்டு படம் போட்ட பலகையில் பன்னிரண்டும் ஒன்றையொன்று மறைக்கும். வாயால் விளக்குவதைவிட, அவருடைய பலகையை இரண்டு விதமாகச் சிறிய தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, பத்து அடி தள்ளி நின்று மூன்று எண்ணும் வரை பார்க்கச் சொல்வது பலன் தரும். பெரும்பாலானவர்கள் தாமாகவே மாற்றச் சொல்வார்கள். அப்படியும் கேட்காதவருக்கு அவர் கேட்டதைச் செய்து கொடுங்கள். அவருடைய கடை, அவருடைய காசு.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் இகர ஈகாரக் குறியும் புள்ளியும் மேலே ஏறும், உகர ஊகாரச் சுழி கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு விடும் வரி இடைவெளியை விட்டால் மேல் வரியின் கால் கீழ் வரியின் தலையில் முட்டும். எழுத்தை அகலத்துக்கு இழுத்து இடத்தை நிரப்பாதீர்கள். இழுத்த எழுத்தில் தடிப்பு ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் மெலிந்துவிடுகிறது. நமது அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறார்கள். அதில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் அமர்ந்திருப்பதால், அச்சில் சரியாக வரும் வாசகத்தை வட்ஸ்அப்புக்கோ பேஸ்புக்குக்கோ நகர்த்தினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யுனிகோடின் முதற் பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழ் அதில் இடம்பெற்றிருந்தது. புதிய வேலைகள் அனைத்தையும் யுனிகோடில் தொடங்குங்கள். வாடிக்கையாளர் அதே வாசகத்தைத் தொலைபேசியிலும் பகிரலாம், இணையத்தில் தேடுபவருக்கும் அகப்படும்.

பலகையில் சிங்களமும் இருந்தால், சிங்களம் தெரிந்த ஒருவர் வாசித்துச் சரி என்று சொல்லாமல் அச்சுக்கு விடாதீர்கள். பிழையான தமிழைப் பொதுப் பலகைகளில் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவர்கள் நாம். அதே நோவை மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: வடிவமைப்புப் பாடநெறி ஒன்றில் படிக்கிறேன். எதைச் செய்யத் தொடங்கினாலும் இணையத்தில் பார்த்த ஏதோ ஒன்றின் சாயலே வருகிறது. புதிய சிந்தனை எனக்கு வராதோ என்று பயமாக இருக்கிறது.
– மாணவி, வவுனியா

பதில்: மகளே, இணையத்தில் நீங்கள் பார்ப்பது வேறொருவர் கண்ட விடைகளை. கேள்வியைப் பார்க்காமல் விடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த விடையே திரும்ப வரும்.

1958இல் சார்ள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி இந்திய அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானதற்கு அந்த அறிக்கைதான் அடித்தளம். இந்தியாவில் தாங்கள் பார்த்த பொருள்களுக்குள் மிக அழகானவற்றில் ஒன்றாக அவர்கள் அதில் எடுத்துக்கொண்டது சாதாரணச் செம்பு. எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், இடுப்பில் எப்படிப் பொருந்தும், நிறைந்திருக்கும்போது பாரம் எங்கே நிற்கும், வெறுமையாக இருக்கும்போது எங்கே நிற்கும், வார்க்கும்போது நீர் எப்படி விழும், இன்னொரு பாத்திரத்தில் பட்டால் என்ன ஓசை வரும் என்று அந்த ஒரு செம்பைப் பார்த்தே அடுக்கடுக்காகக் கேட்டிருக்கிறார்கள்.

நீங்கள் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பனையோலையால் கூம்பாக இழைத்தது. ஏன் கூம்பு? பானையின் வாய் சிறிதானாலும் பெரிதானாலும் கூம்பு எங்கோ ஓரிடத்தில் இறுகி நிற்கும். ஒவ்வொரு பானைக்கும் வேறு வேறு பெட்டி இழைக்கத் தேவையில்லை. ஆவி மேலே ஏறும் அளவுக்கு இழைப்பில் இடைவெளி உண்டு, மா கீழே உதிராத அளவுக்கு நெருக்கமும் உண்டு. ஆவி குளிர்ந்து நீரானால் ஓலை அதை உறிஞ்சிக்கொள்ளும். தகரப் பாத்திரத்தில் அந்த நீர் வழிந்து பிட்டைக் களியாக்கிவிடும். அடிக்கூர் எப்படி மடிக்கப்பட்டிருக்கிறது என்று அதைப் புரட்டிப் பார்த்தே வரையுங்கள். நினைவில் இருந்து வரைந்தால் அங்கேதான் பிழை வரும். பனங்கட்டி வார்க்கும் குட்டான், சுளகு, கடகம், கொட்டப்பெட்டி என்று நாளுக்கு ஒன்றாக முப்பது நாள் வரையுங்கள். ஒவ்வொன்றின் கீழும் அது எந்தக் கேள்விக்கு விடை என்று ஒரு வசனம் எழுதுங்கள். முப்பது நாளின் பின் நீங்கள் வரையும் பழரச பைக்கற்றில் குட்டானின் மடிப்பு எங்காவது வந்தால், அது நீங்கள் கண்டுகொண்டது.

குழுவாகக் கூடி யோசனை சொல்லும்படி வகுப்பில் பணித்தால், கூடுவதற்கு முன் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதி வருவோம் என்று கேளுங்கள். கூடியிருந்து யோசிக்கும் நால்வரைவிடத் தனித்தனியே யோசிக்கும் நால்வருக்குக் கூடுதலான யோசனைகள் கிடைப்பதை 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் செய்த பரிசோதனை காட்டியது.

கேள்வி: கருவாடு விற்கிறேன். காசு கட்டிப் பேஸ்புக்கில் விளம்பரம் போடலாமா?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: ஒரே வாரத்தில் நூறு பேர் கேட்டால் உங்களிடம் கருவாடு இருக்குமா, ஒவ்வொரு அழைப்புக்கும் பதில் சொல்ல ஆள் இருக்குமா, மணம் வெளியே வராமல் கட்டி அனுப்பத் தெரியுமா என்பவற்றை முதலில் பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் சிறு தொகை கட்டிப் பார்க்கலாம். இல்லையென்றால், ஏற்கெனவே வாங்கிய இருபது பேருக்குத் தொலைபேசி எடுத்து, உப்பு சரியாக இருந்ததா என்று கேளுங்கள். அதற்குச் செலவு குறைவு, வரும் பதிலோ விளம்பரத்தைவிடப் பெறுமதியானது.

கேள்வி: ஐயா, பெரிய நிறுவனங்களுக்கு இலச்சினையும் விளம்பரமும் செய்ய வேண்டும் என்று கனவு கண்டு கணினி வரைகலை படித்தேன். இப்போது ஊரில் சிறிய கடை போட்டிருக்கிறேன். எனக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் மரண அறிவித்தலும் 31ஆம் நாள் கல்வெட்டும் (இறந்தவரின் நினைவுப் புத்தகம்) தான். படித்ததற்கு இதுதானா பலன், இதில் என்ன படைப்பாற்றல் இருக்கிறது என்று சில நாள்களில் மனம் சோர்ந்து போகிறது.
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். நானும் அச்சகத்தில் தொடங்கியவன் என்பதால், உங்கள் மேசையில் என்ன வந்து சேர்கிறது என்பது எனக்குத் தெரியும்.

2008, 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் பலவற்றிடம் படத் தொகுப்புகள் மிஞ்சவில்லை. ஓர் அடையாள அட்டைப் படம், பாடசாலைக் குழுப் படத்தின் ஓர் ஓரம், யாரோ ஒருவரின் கலியாண வீட்டில் பின்வரிசையில் நின்ற முகம்: அவற்றைத்தான் உங்களிடம் கொண்டு வந்து தருகிறார்கள். அந்த விரல்நுனி அளவு முகத்தை எடுத்து, கீறலை நீக்கி, கண் கண்ணாகவே இருக்கும்படி பெரிதாக்கிக் கொடுப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதை அதைச் செய்பவரே அறிவார். இலச்சினை நிறுவனம் மாறும்போது மாறும். நீங்கள் செய்யும் படமோ ஒரு வீட்டின் சுவாமிப் படத் தட்டுக்குப் பக்கத்தில் தலைமுறைக்கும் தொங்கப் போகிறது.

ஆனால் அந்த வேலையை நீங்கள் பழைய அச்சில் வார்த்துக்கொண்டிருந்தால் சோர்வு வரத்தான் செய்யும். நீல வானம், இரண்டு புறா, ரோசாப்பூ, முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் என்று எல்லாருக்கும் ஒரே பின்னணி போட்டால், இறந்தவர் யார் என்பது மறைந்துவிடுகிறது. வீட்டாரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். வயல் செய்தவரா, சைக்கிள் திருத்தியவரா, வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஆண்டுதோறும் நடந்து போனவரா? அவருடைய கையெழுத்தில் ஒரு கணக்குக் கொப்பி கிடைக்குமா? அந்தக் கொப்பியின் ஒரு பக்கத்தைக் கல்வெட்டின் உள் அட்டையில் அப்படியே பதித்தால், பேரப்பிள்ளைகளுக்கு ரோசாப்பூ சொல்லாததை அது சொல்லும். அந்த ஊரின் பெயர்கள், உறவு முறைகள், வாழ்ந்து பெயர்ந்த இடங்கள் வேறெங்கும் எழுதப்படாமல் இந்தச் சின்னப் புத்தகங்களில் மட்டும் இருக்கின்றன என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழில் தொடங்கிய காலத்தில் நான் கோத்த ஒரு கல்வெட்டின் வம்சாவளிப் பக்கத்தில் ஒரு மகளின் பெயரை விட்டுவிட்டேன். முந்நூறு பிரதிகள் அச்சாகி, கொடுத்தும் முடிந்துவிட்டது. மறுநாள் அந்தப் பெண் கடைக்கு வந்தார். ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தை மேசையில் விரித்து, இரண்டு பெயர்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். சொந்தச் செலவில் திரும்ப அச்சடித்துக் கொடுத்தேன். ஆனாலும் முதற் பிரதிகள் ஊரெல்லாம் இருந்தன. அன்றிலிருந்து வம்சாவளிப் பக்கத்தை வீட்டில் இரண்டு பேர், ஒருவர் தாய் வழி, ஒருவர் தந்தை வழி, தனித்தனியே வாசித்துக் கையெழுத்து வைக்காமல் அச்சுக்கு விட்டதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கொண்டு வரும் படத்தைத் தொலைபேசியால் படம் பிடிக்காதீர்கள். கண்ணாடி துடைத்த ஸ்கானரில் 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுங்கள், அடையாள அட்டைப் படமென்றால் 1200இல் எடுங்கள். திருத்துவதைப் பிரதியில் செய்து, திருத்தாத கோப்பைத் தனியாக வைத்திருந்து, வேலை முடிந்ததும் இரண்டையும் வீட்டாருக்குக் கொடுங்கள். மூலப்படத்தை அவர்கள் உங்கள் கடையில் விட்டுவிட்டுப் போக வேண்டி வரக் கூடாது. அவர்கள் கதிரையில் இருக்கும்போதே ஸ்கான் செய்து, உறையில் போட்டு, அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.